நிலா டீச்சரின் மாடல்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு என்று அறிவித்தால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பழகியவர்களுக்குத் தாங்கள் உட்காருவது மட்டும் ஆகவே ஆகாது. ஒருத்தர் ஓடிப்போய்க் கடைசி வரிசையைப் பிடிப்பார். ஒருத்தர் போனை மடியில் மறைப்பார். தாமதமாக வரும் பிள்ளையை வாசலிலேயே நிற்க வைக்கிற மகானுபாவர், தாம் மட்டும் டீ வருகிற நேரம் பார்த்து உள்ளே நுழைவார். இந்தத் தடவை நடந்த அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்கு ஆசை ஆசையாக வந்தவர் என்று ஒரே ஒரு ஆளைத்தான் சொல்ல முடியும். அது நிலா டீச்சர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நிலா டீச்சர் என்ற பெயர் அவர் செய்த மாடலால் வந்தது. ஒரு மரப்பலகை, அதன் நடுவில் ஒரு குண்டு பல்பு, அதுதான் சூரியன். பல்பைச் சுற்றிவர ஒரு நீலப் பந்து, அது பூமி. நீலப் பந்தைச் சுற்றிவர, கம்பி முனையில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து, அது நிலா. அடியில் ஒரு பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டார். சுவிட்சைப் போட்டால் போதும், எல்லாம் மெல்லச் சுற்றத் தொடங்கும், வகுப்பே வாயைப் பிளக்கும். கல்யாணமான புதிதில் கணவரும் அவரும் சேர்ந்து செய்தது. பார்வையிட வந்த அதிகாரிகள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்போதெல்லாம் டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஏன் பொய் சொல்ல வேண்டும், யாருக்குத்தான் குளிராது?

இந்தப் பயிற்சியின் நோக்கமே நல்ல வகுப்பறைப் பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான். பாடத்துக்கு ஒரு பொருள். தேர்வாகும் பொருளை இலாகாவே செய்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பும். நிலா தேய்வதும் வளர்வதும் ஏன் என்ற பாடத்துக்கு எந்தப் பொருள் என்பது இந்த முறை முடிவாகும். அடுத்த வருடம் டீச்சருக்கு ஓய்வு. போவதற்குள் தன் மாடல் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம். மாடலைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் சளி பிடித்த ஒரு ஒல்லிப் பெண். தும்மலுக்கு நடுநடுவே பேசினாள். முதல் நாள் முடியும்போது ஒரு வேலை கொடுத்தாள்.

"நீங்க கொண்டுவந்த பொருளை வெச்சு யாராவது படிச்சிருப்பாங்கல்ல? அவங்க ஒருத்தரைப் பிடிச்சு, அந்தப் பாடத்தை விளக்கச் சொல்லுங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது. திருத்தக் கூடாது, எடுத்துக் குடுக்கக் கூடாது. சும்மா கேட்டுட்டு வாங்க."

"வாயைத் திறக்காம இருக்கறதா? எங்களையா சொல்றீங்க?" என்றார் தாடி வைத்த ஒரு சார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று மாலை மாடலோடு வீடு திரும்பிய நிலா டீச்சர் ஆளைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. மகள் அவரிடமே எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது மருந்துக்கடையில் வேலை. அவள் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது டீச்சர் மெல்லக் கேட்டார், "ஏண்டி, நிலா ஏன் தேயுது, வளருதுன்னு சொல்லு பாப்போம்."

"என்னம்மா, எனக்குப் பரீட்சையா?" என்று சிரித்தபடி மகள் இரண்டு கிழங்குகளை எடுத்து வைத்தாள். "இது பூமி, இது நிலா. அடுப்பு சூரியன்னு வெச்சுக்கோ. பூமி குறுக்க வருது, அதோட நிழல் நிலா மேல விழுது. கொஞ்சமா விழுந்தா கொஞ்சம் தேயும், மொத்தமா விழுந்தா அமாவாசை. அவ்வளவுதானே?"

நிழல் விழுந்தால் அது கிரகணம். தேய்வதற்கும் வளர்வதற்கும் பூமியின் நிழலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நிலாவில் எப்போதும் சூரியனைப் பார்க்கிற பாதிக்கு வெளிச்சம், மறுபாதிக்கு இருட்டு. அந்த வெளிச்சப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் தேய்பிறையும் வளர்பிறையும். வகுப்பில் அவர் இதைத்தான் சொன்னார், ஒவ்வொரு வருடமும் தொண்டை வற்றச் சொன்னார்.

"யாருடி உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" வாயைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் பறந்துவிட்டது.

"நீதாம்மா. உன் மாடல்லதான் பார்த்தேனே! நிழல் நல்லாத் தெரிஞ்சுதே."

கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார், "ஆமா, நானும் அப்படித்தானே நெனைச்சுட்டிருக்கேன்?"

டீச்சர் மாடலை எடுத்துவைத்து சுவிட்சைப் போட்டார். வெள்ளைப் பந்து நீலப் பந்துக்குப் பின்னால் போனது. முழுநிலாவாக வெளிச்சம் அடிக்க வேண்டிய அந்த இடத்தில்தான் நீலப் பந்தின் நிழலில் கருத்துப்போனது. எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் வேறென்ன ஆகும்? இது தெரியாதவர் இல்லை அவர். வகுப்பில் அந்த இடம் வந்ததும் கம்பியைச் சுட்டுவிரலால் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பார், பந்து வெளிச்சத்துக்கு வந்துவிடும். கை அதுவாகவே செய்துவிடும், அவர் யோசித்ததுகூட இல்லை. அவர் சொன்னதைப் பிள்ளைகள் காதில் வாங்கவில்லை. கண்ணெதிரே நகர்ந்த நிழலைப் பார்த்துவிட்டு, அதைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள்! டீச்சர் போர்வையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் முதல் ஆளாகப் போய் ஒல்லிப் பெண்ணைப் பிடித்தார். "மேடம், என் மாடலைத் தேர்வுலேர்ந்து எடுத்துடுங்க. அது தப்பைச் சொல்லிக் குடுக்குது." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்தப் பெண் மூக்கைத் துடைக்கக்கூட மறந்து கேட்டாள். "நான் இந்த வேலையை எத்தனையோ இடத்துல குடுத்திருக்கேன் டீச்சர். நெஜமாவே கேட்டுட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்." பையிலிருந்து பென்சில் முனையில் குத்திய ஒரு வெள்ளைப் பந்தை எடுத்தாள். "இதுதான் என்கிட்ட இருக்கற பொருள். ஆளுக்கு ஒண்ணு. இருட்டு அறை, ஒரு விளக்கு. பிள்ளையோட தலைதான் பூமி."

"அப்போ இதையே தேர்ந்தெடுத்துடலாமே!"

"மதிப்பெண் தாளைப் பாத்தீங்களா? தோற்றம், உறுதி, வண்ணம், காட்சிக்கு வைக்க முடியுமா, எல்லாத்துக்கும் மார்க் அள்ளிக் குடுத்திருக்காங்க. பிள்ளைக்கு என்ன புரிஞ்சுதுங்கறதுக்கு நூத்துக்கு அஞ்சு. மேலேருந்து வந்த தாள், நான் கைவைக்க முடியாது. பதிஞ்ச மாடலை எடுக்கவும் எனக்கு உரிமை இல்ல. ஆனா பந்தையும் தேர்வுக்கு வெச்சிடலாம், எல்லாரும் கண்ணால பாத்துட்டா மனசு மாறலாம்."

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஒற்றை விளக்கைப் போட்டார்கள். ஆளுக்கொரு பந்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற வேண்டும். முதலில் ஒரே கூத்து. தாடி சார் யார் காலையோ மிதித்தார். பிறகு, "விளக்குக்குப் பக்கவாட்டுல நில்லுங்க. பந்து பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இப்போ உங்க தலையோட நிழல் எங்க இருக்குன்னு பாருங்க" என்றாள் ஒல்லிப் பெண். எல்லோரும் பார்த்தார்கள். நிழல் விளக்குக்கு எதிர்ச் சுவரில் கிடந்தது. பந்தின் மேல் இல்லை. ஆனாலும் பந்து பாதி இருட்டாகத்தான் இருந்தது.

"அட!" என்றார் தாடி சார். நிலா டீச்சர் அந்த இருட்டில் நின்றுகொண்டு, பரவாயில்லை, இனிமேல் வருகிற பிள்ளைகளாவது தப்பிக்கும் என்று நினைத்தார். அவருக்கு அன்றைக்கு முழுதும் பசியே தெரியவில்லை.

கடைசி நாள், ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்களைக் கூட்டினார்கள். மாடல் முதலிடம். பந்து எங்கோ கடைசியில்.

எல்லோரிடமும் தாளை வாங்கிக் கூட்டியவள், வந்தவர்களிலேயே இளையவள் என்பதால் எல்லோரும் சின்ன டீச்சர் என்று கூப்பிடுகிறவள். அவளும் ஒரு காலத்தில் இவருடைய மாணவி. இவரைப் பார்த்துத்தான் அறிவியல் படித்தாள், இவரைப் பார்த்துத்தான் ஆசிரியையும் ஆனாள். டீச்சர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? நேத்து எல்லாரும் பாத்தீங்கதானே?"

"பாத்தோம் டீச்சர். பந்து நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க அடுத்த வருஷம் ரிடையர் ஆகறீங்க. உங்க பேர் நிலைக்க வேண்டாமா? நாங்க எல்லாரும் பேசிவெச்சுத்தான் போட்டோம்." அவள் கண் பனித்திருந்தது. "உங்களுக்கு நாங்க வேற என்ன செய்யப் போறோம், சொல்லுங்க?"

"எனக்குச் செய்யணும்னு யாரு கேட்டா? பிள்ளைங்க தப்பாப் படிக்கும்டீ!"

"நீங்க எப்பவும் இப்படித்தான் டீச்சர், உங்களை நீங்களே குறைச்சுக்குவீங்க."

திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பை என்ன செய்வது? டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் இலாகா இயக்குநர் வந்தார். கூடவே, பொருள்களைச் செய்து அனுப்பும் ஒப்பந்தக்காரர். இயக்குநர் நல்ல மனிதர், சிரித்த முகம். மாடலின் சுவிட்சைத் தானே போட்டுப் பார்த்துக் குழந்தையாய் மகிழ்ந்தார்.

"சார், இது தப்பு. நான்தான் செஞ்சேன், நானே சொல்றேன். இதைப் பாத்த பிள்ளைங்களுக்குக் கிரகணத்துக்கும் தேய்பிறைக்கும் வித்தியாசம் தெரியல" என்றார் டீச்சர்.

"இந்தத் தன்னடக்கத்தைத்தான் எல்லாரும் உங்ககிட்ட கத்துக்கணும்" என்றார் இயக்குநர். கைதட்டல் எழுந்தது. டீச்சருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதும் அவர் விடவில்லை. "சரி சார். அந்த நிலாக் கம்பியையாவது சாய்வா வெச்சுச் செய்யச் சொல்லுங்க. முழுநிலா அன்னைக்குப் பந்து நிழல்ல மாட்டாம மேல போயிடும். பாதித் தப்பாவது குறையும்."

ஒப்பந்தக்காரர் மாடலைச் சுற்றிவந்து பார்த்தார். "சாய்ச்சா உயரம் கூடும்மா. பெட்டியில அடங்காது. அட்டைப்பெட்டி ஏற்கெனவே அடிச்சாச்சு."

"தேர்வே இன்னிக்குத்தானே?" என்று கேட்டாள் ஒல்லிப் பெண்.

"போன தடவை மண்புழு மாடலுக்கு அடிச்ச பெட்டிம்மா. மிச்சம் நிறைய இருக்கு" என்றார் அவர், ஒளிவுமறைவே இல்லாமல்.

ஒல்லிப் பெண் தும்மினாள்.

டீச்சர் அப்படியே நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்துச் சின்ன டீச்சருக்கு மனம் கேட்கவில்லை. சட்டென்று எழுந்தாள். "சார், ஒரு நிமிஷம். டீச்சர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மாடல் அது பாட்டுக்கு இருக்கட்டும். கூடவே ஆளுக்கொரு பந்தும் போட்டுடலாம். பெருசா செலவு ஒண்ணும் ஆகாது. அவங்க சொல்றது அந்தப் பந்துல பளிச்சுன்னு தெரியும்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒல்லிப் பெண் ஓடிப்போய்த் திரைகளை இழுத்தாள், விளக்கைப் போட்டாள். மாடலோடு ஒரு பந்தும் போகட்டும், அது போதும். ஏதோ ஒரு பள்ளியில், யாரோ ஒரு பிள்ளை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்கூடப் போதும். டீச்சர் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

சின்ன டீச்சர் விளக்குக்குப் பக்கவாட்டில் நின்று பந்தை நீட்டிப் பிடித்தாள். பந்து பாதி வெளிச்சமாகவும் பாதி இருட்டாகவும் அழகாக நின்றது. எதிர்ச் சுவரில் அவள் தலையின் நிழல் பெரிதாகக் கிடந்தது.

"இதுதான் சார் நிலா. என் தலைதான் பூமி. பாருங்க, என் தலையோட நிழல் பந்து மேல எப்படி விழுதுன்னு. பாதி விழுந்திருக்கா? இதுதான் அரைநிலா. நான் சுத்தச் சுத்த, நிழல் கூடும், குறையும். அவ்வளவுதான் சார் தேய்பிறை, வளர்பிறை!"

"அட, அப்போ ரெண்டும் ஒண்ணையேதானே காட்டுது!" என்றார் இயக்குநர் சந்தோஷமாக. "அதுக்குத் தனியா எதுக்கும்மா பந்து? மாடலே போதும்." ஒப்பந்தக்காரர் தலையாட்டினார். முன்வரிசை கைதட்டியது. முந்தாநாள் தும்மலோடு அந்தப் பயிற்சியைத் தொடங்கிய பெண், திரையைத் திறப்பதற்குப் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

சின்ன டீச்சர் கையில் பந்தோடு திரும்பினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நான் சரியாத்தானே சொன்னேன் டீச்சர்?"

தப்பு என்று சொல்வதற்கு நிலா டீச்சர் வாயைத் திறந்தார். எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்து எழுந்து, இதே முகத்தோடு, இதே பதிலைத்தான் அவள் சொல்லியிருப்பாள். நீலப் பந்தையும் வெள்ளைப் பந்தையும் காட்டி, நிழல் என்ற சொல்லைக்கூட விடாமல் சொல்லியிருப்பாள். சுற்றுகிற மாடலைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் பாதிதான் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு, வகுப்பையே கைதட்டச் சொல்லியிருப்பார்.