ஸ்ரீதர் அவிழ்க்க வேண்டிய கயிறு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் வரும் கேம் கன்சோலைச் சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் மடியில் வைத்துச் சுமந்து வந்தவன் நான்தான். அந்தமான் பின்கோடைப் போட்டாலே 'டெலிவரி இல்லை' என்று கடைகள் கைவிரித்துவிடும். அதனால் இங்கே யார் மெயின்லேண்ட் போனாலும் ஊரே பட்டியல் நீட்டும். என் பட்டியலில் நண்பன் ஸ்ரீதர் எழுதியது கன்சோல். சுமந்து வந்த உரிமையில், குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்றபடி பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஸ்ரீதரின் மனைவி வைஜெயந்திக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாது."

(அடித்துவிட்டேன். சுத்தப் பொய். செல்போனில் அவள் ஆடாத ஆட்டம் கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: "அந்த ஞாயிற்றுக்கிழமை, கடலின் மேல் மேகங்கள்..."

வேண்டாம். மேகத்தை யார் பார்த்தார்கள்?

மூன்றாவது: கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் வைஜெயந்திக்குப் பதவி உயர்வு வந்திருந்தது, வடக்கே ஒரு பகல் பஸ் தூரத்தில் இருக்கும் மாயாபந்தருக்கு. செவ்வாய்க்கிழமை அங்கே சேர வேண்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிடு என்று ஸ்ரீதர் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷம் மற்றவர்களுக்கு டிக்கெட் கொடுத்தவளுக்குத் தன் பெயரில் ஒரு பயணம் வந்திருப்பது பிடித்திருந்தது. ஸ்ரீதரையும் பிடித்திருந்தது. அதனால்தான் பதில் வரவில்லை.

இது தேறும்.

3

விளையாட்டுகளை வாங்கும் முன், இலவசமாகக் கிடைக்கும் டெமோக்களை ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஒவ்வொன்றும் விளையாட்டின் முதல் கால் மணி நேரம்.* கார் பந்தயத்தில் ஸ்ரீதர் ஜெயித்தான். ராட்சதப் பூச்சிகளை வைஜெயந்தி ஒன்று விடாமல் தீர்த்துக்கட்டினாள். மூன்றாவது, இருவர் சேர்ந்து ஆடும் படகு டெமோ. ஒருவர் படகின் முன்னும் பின்னும் கட்டிய கயிறுகளை அவிழ்க்க வேண்டும், மற்றவர் ஓட்ட வேண்டும். சுக்கானை ஸ்ரீதர் எடுத்துக்கொண்டான். மூன்று முறையும் கயிறு அவிழும் முன்பே எஞ்சினை முடுக்கி, படகை ஜெட்டியில், அதாவது படகுத்துறை மேடையில், கொண்டுபோய் இடித்தான்.

"அரே, குடுங்க இப்படி," என்று வைஜெயந்தி கன்ட்ரோலரை மாற்றிக்கொண்டாள். "நீங்க முன்கயிற மட்டும் அவுத்து விடுங்க. பின்கயிறு இருக்கட்டும்."

"சலோ, ஜல்தி எடு வைஜி!"

"இருங்க. ஜெட்டியில எப்படி எடுக்கிறாங்கன்னு கவுண்டர் ஜன்னல்ல தினம் பாக்குறேன்ல."

எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி முடுக்கினாள். பின்கயிற்றின் பிடியிலேயே படகின் மூக்கு அலுங்காமல் கடல் பக்கம் திரும்பியது. நான் பஜ்ஜியைத் தட்டில் போட்டுவிட்டுக் கைதட்டினேன். ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு இவ்வளவு கற்க முடியுமா என்று பிரமித்துப் போனேன்.

* இங்குள்ள இணையத்தில் மூன்று டெமோவும் இறங்க சனிக்கிழமை முழுதும் ஆனது. இதைச் சொல்லாவிட்டால் உள்ளூர் வாசகர்கள் என்னை நம்பமாட்டார்கள்.

4

பாக்கி பின்கயிறு. அதை அவிழ்க்கும் பொத்தான் ஸ்ரீதரின் கட்டைவிரலுக்கு அடியில். அவன் அழுத்தவில்லை.

"அவுத்துட்டா நீ போயிடுவ," என்றான். அவன் டெமோவைச் சொல்லவில்லை என்பது எனக்கே புரிந்தது.

முடிவு அ: அழுத்தினான், படகு போனது. (ரொம்ப வழவழப்பு.)

முடிவு ஆ: கரண்ட் போனது. (கதை எழுதுகிறவன் தப்பி ஓடும் வழி.)

முடிவு இ: அவனுக்காக வைஜெயந்தி தன் பதவி...

இந்த வாக்கியத்தை முடிக்க அவள் விடவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டாள்:

"இந்தப் படகுக்குத்தான் உங்க பொத்தான் வேணும். நான் நாளைக்குக் காலை பஸ்ல போறேங்க. சீட்டு போட்டாச்சு."

அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு வந்த மரியாதையை எழுதத் தெரியவில்லை. அவள் முடிவு என் கையை விட்டுப் போய்விட்டது. என்னிடம் மிச்சம் ஸ்ரீதரின் கட்டைவிரல் மட்டும். அது இன்னும் பொத்தான்மேல் இருக்கிறது. அவள் எஞ்சினை அணைக்காமல், அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள்.

அழுத்தச் சொல்லி அவனிடம் நீங்களாவது சொல்லிப் பாருங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான்.