கடிக்கத் தெரியாதவர்

பீரோவுக்குள் தலையை விட்டு அப்பாவுக்கு ஒரு நல்ல சட்டை தேடிக்கொண்டிருந்தாள் மகள். தேய்த்து மாட்டியிருந்தவை எல்லாமே லிஃப்ட் கம்பெனிச் சீருடைகள். வேறு சட்டை உண்டா என்பதுகூடப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்குத் தெரியவில்லை.

நேற்று மதியம், ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கூடத்தின் நடுவில் அவருக்கு இடம் கிடைத்தது இன்றுதான்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவள் சட்டென்று பின்வாங்கினாள்.

கேட்டருகே பள்ளிச் சீருடையில் ஒரு பெண். வகுப்பில் எல்லோருக்கும் அவள் 'தண்ணிப்பாம்பு'.

பட்டம் வைத்தது இவள்தான். ஆனால் சொந்தச் சரக்கு அல்ல. அம்மா அப்பாவுக்கு வைத்தது. "சீறவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. தண்ணிப்பாம்பு" என்பாள் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே தட்டோடு சமையலறைக்குப் போய்விடுவார். திருப்பிப் பேசாதவர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வீட்டில் கற்றதை வகுப்பில் பரீட்சித்துப் பார்த்தாள். பலித்தது. மதியச் சாப்பாட்டு மேசையிலிருந்து அந்தப் பெண்ணை விரட்டி ஆறு மாதமாகிறது.

இத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டால்?

ஓடிப்போய் வாசலிலேயே மடக்கினாள்.

"எதுக்கு வந்தே?"

"அங்கிளப் பாக்க."

"எங்கப்பாவ உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஃப்ளாட்டு லிஃப்டு ரிப்பேருக்கு அவர்தான் வருவார். யூனிஃபார்மப் பாத்துட்டு எந்த கிளாஸுன்னு கேட்டார். எம் பொண்ணும் அங்கதான், அவகூடவே ஒட்டிக்கோ, தங்கமானவ, நல்லாப் பாத்துப்பான்னார்."

"நீ என்ன சொன்னே?"

"தினமும் உங்கூடத்தான் சாப்பிடறேன்னேன்." அந்தப் பெண் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டாள். "ரொம்ப சந்தோஷப்பட்டார். போன வாரம்கூடக் கேட்டார். எம் பொண்ணு என்னைப் பத்தி ஏதாவது சொல்வாளான்னு."

என்ன பதில் சொன்னாய் என்று மகள் கேட்கவில்லை.

"யாரும்மா அது?" உள்ளிருந்து அத்தை வந்தாள். "உன் சிநேகிதியா? வந்த பிள்ளைய இப்படியா வெயில்ல நிக்க வெப்பாங்க?"

மகள் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்தது.

"ஆமா ஆன்ட்டி, சிநேகிதிதான்" என்றாள் அந்தப் பெண்.

அத்தை கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு நுனியில் மட்டும் உட்கார்ந்தாள், எப்போது சொன்னாலும் எழுந்துகொள்ள வசதியாக.