எந்தக் கட்சி வேன்?

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பவுலின் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அடுப்புப் பற்றவைக்காமல் கடலில் கால் நனைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். உபகாரசாமி வாத்தியார் உருகிப்போனார். பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கி, கட்டில் போட்டு, பக்கவாட்டுத் தகரத்தை வெட்டித் தூக்கிவைக்கிற கதவாக்கி, அதற்குப் பின்னால் ஒரு சமையல் மேடையும் கட்டினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த கேரவனாம். அடுப்பிலிருந்து தப்பிக்க நினைத்தவளுக்கு அடுப்பையே சக்கரம் வைத்துக் கூட்டிவந்த மகராசன்.

"மேடை சும்மா அழகுக்குத்தான். பத்தவைக்கவே மாட்டோம்," என்று மாதா மேல் சத்தியம் வேறு.

சனிக்கிழமை விடியுமுன் செக்காலையிலிருந்து கிளம்பி, தேவகோட்டை, திருவாடானை தாண்டி, தொண்டிக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் வேன் நின்றபோது மணி ஏழு. தொண்ணூற்றாறு ஏப்ரல், சுவரெல்லாம் தேர்தல் சின்னங்கள். சாயங்காலமே திரும்பியாக வேண்டும். மறுநாள் ஞாயிறு, சர்ச் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது வாத்தியார்தான்.

பவுலின் செருப்பைக் கழற்றினாள். இருபது எட்டு வைத்தால் கடல்.

"பவுலின், ஒரு வாய் டீ மட்டும் போடேன். வண்டி ஓட்டுன களைப்பு."

பல்லைக் கடித்துக்கொண்டு தகரக் கதவைத் தூக்கினாள், ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். படகுகள் கரையேறும் நேரம். வலை உதறிக்கொண்டிருந்த நாலு பேர் வாசனை பிடித்து வந்து நின்றார்கள்.

"அக்கா, நாலு டீ."

கடையில்லை என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். பேர் வைத்த நேரமோ என்னவோ, வாசலில் வந்து நின்றவரை இல்லையென்று அனுப்ப அவருக்கு நாக்கு எழும்பாது. வேனுக்கு ஏது வாசல் என்று கேட்டால் கோபம் வரும்.

"குடு பவுலின். காசெல்லாம் வேணாம்ப்பா."

வினையே அங்கேதான். தேர்தல் மாசத்தில் வேனில் வந்து ஒருவர் ஓசி டீ கொடுத்தால் ஊர் என்ன நினைக்கும்? கால் மணி நேரத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள்.

"எந்தக் கட்சிண்ணே?" என்றார் வலைக்காரர் பொன்னழகு.

"கட்சியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப சுயேச்சை. சின்னம் என்னண்ணே?"

மறுக்க வேண்டிய மனுஷன் சிரித்தார். அதோடு விட்டாரா? ஒருவர் படகுத்துறை கேட்டார், "செஞ்சிருவோம்," என்றார். ஒரு பெரியவர் பென்ஷன் கேட்டார், பேரைக் குறித்துக்கொண்டார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பள்ளிக்கூடத்தில் பியூன்கூட மதிக்காத மனிதருக்கு நாற்பது பேர் கைகட்டி நின்றால் தலை கிறுகிறுக்காதா?

பால் தீர்ந்து வரட்டீயான பிறகும் கூட்டம் குறையவில்லை. நாலே டம்ளர். பவுலின் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அங்கிருந்து கடல் ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்தது. அதையும் பொன்னழகு தலை மறைத்தது.

"என்னங்க, இங்குட்டு வாங்க."

"செத்த இரு. சனங்க குறை சொல்றாக."

"என் குறையையும் எழுதிக்கிருங்க. இருபத்திரண்டு வருஷமா நிலுவையில கெடக்கு." கரண்டியை அவர் கையில் திணித்தாள். "உங்க ஓட்டுக்கு நீங்களே ஆத்துங்க."

இறங்கி நடந்தாள். வேட்பாளர் சம்சாரம் என்று கூட்டம் மரியாதையாக வழிவிட்டது.

"எங்கக்கா போறீக, ஓட்டுக் கேக்கவா?" என்றாள் மீன்கூடையோடு வந்த ஒருத்தி.

"கால் நனைக்க."

முதல் அலை முழங்கால்வரை வந்தது. சேலையைத் தூக்கிப் பிடிக்கவில்லை, நனையட்டும் என்று விட்டாள். வெட்கங்கெட்ட சந்தோஷமாக இருந்தது.

"பவுலின்! ஏ பவுலின்! சீனி எங்குட்டு இருக்கு?"

அவர் இடது முழங்கைக்கு நேர் கீழே, சிவப்பு மூடி போட்ட டப்பாவில் இருந்தது. பவுலின் திரும்பவில்லை. இன்னும் இரண்டு எட்டு உள்ளே போனாள்.