முதல் ஆட்டக்காரர்

ஆறு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து இருநூற்றுப் பத்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செல்லக்கிளி இந்த எண்ணைச் சொல்லுவாள். அன்றைக்குக் குக்கரில் வைத்த பருப்பு அடிப்பிடித்துக் காட்டூர் வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அவள் நகரவில்லை. கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருண்டோடும் பின்பால் மெஷினின் இரண்டு பக்கத்துப் பட்டன்களிலும் விரலை வைத்தபடி நாற்பது நிமிஷம் நின்றாள். கடைசிக் குண்டு ஓட்டைக்குள் விழுந்தபோது அந்த எண் சிவப்பாக எரிந்துகொண்டு நின்றது. பிறகு ஒரு மணி நேரம் குக்கரைத் தேய்த்தாள். சிரித்துக்கொண்டே தேய்த்தாள்.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் புருஷன் சிவசங்கருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அவன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். மூடிவிட்ட ஒரு விளையாட்டுக் கூடத்தில் துரு ஏறிக் கிடந்ததை வாங்கி வந்து, மூன்று மாதம் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். ஒயரை மாற்றினான், ரப்பரை மாற்றினான், ரசமட்டம் வைத்துக் காலைச் சரிசெய்தான். ஓட வைத்தது அவன்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓட வைத்த பிறகு அவனுக்கு அலுத்துவிட்டது. பத்து நிமிஷம் ஆடுவான், மூன்று குண்டும் போய்விடும், சோபாவில் விழுந்து போனை நோண்டுவான்.

செல்லக்கிளி அப்படியில்லை. காலையில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். ஒன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதன் பிறகு அவளும் மெஷினும்தான். பட்டனைத் தட்டினால் உள்ளே கை மாதிரி ஒரு கட்டை எழும்பிக் குண்டை மேலே அடிக்கும். குண்டு எந்தப் பக்கம் சாயும், எந்த மணியைத் தட்டினால் எங்கே திரும்பும் என்பதெல்லாம் மெல்ல மெல்ல அவள் விரலுக்குள் இறங்கியது.

ஒரே ஒரு குறை. பழைய மெஷின் என்பதால் ஸ்கோரை ஞாபகம் வைக்கும் பேட்டரி கசிந்து போயிருந்தது. சிவசங்கர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டான். ஸ்விட்சை அணைத்தால் அன்றைய ஸ்கோர் அன்றோடு போச்சு. அவள் முதலில் காலண்டர் தாளில் எழுதி வைத்துப் பார்த்தாள்.

"காலண்டர்ல எழுதினா யாரு நம்புவா?" என்றான் சிவசங்கர். "நீ ஆடிட்டு அணைக்காம அப்படியே விட்டுடு கிளி. நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து போட்டோ எடுத்துக் குரூப்ல போட்டுடறேன். உன் போன் கேமரால எட்டும் மூணும் ஒண்ணா தெரியுது."

குரூப் என்றால் வாட்ஸப் குரூப். திருச்சி வட்டாரத்தில் வீட்டில் பின்பால் மெஷின் வைத்திருப்பவர்கள் மொத்தம் ஆறே பேர். அந்த ஆறு பேருக்கு இருக்கும் சட்டதிட்டம் பார்லிமெண்டுக்குக்கூட இருக்காது. போட்டோவில் ஸ்கோர் பலகை முழுசாகத் தெரிய வேண்டும், கடைசிக் குண்டு விழுந்திருக்க வேண்டும், கண்ணாடி துடைத்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து கோவிந்த்தான் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைப்பவர்.

"போட்டாச்சா?" என்று அவள் கேட்பாள்.

"போட்டாச்சு, போட்டாச்சு," என்பான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்த் தன் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு ஸ்கோர் பலகை மாட்டியிருப்பதாகச் சொல்லி எல்லாரையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். செல்லக்கிளி தீபாவளிப் புடவையை எடுத்துக் கட்டினாள். சிவசங்கர் கொஞ்சம் முரண்டு பிடித்தான். "அங்க வந்து நீ என்ன பண்ணப் போற? போரடிக்கும்," என்றான். அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அம்மா மண்டபம் ரோட்டில் மூன்றாவது மாடி ஃபிளாட். கோவிந்த்தும் அவர் மனைவி ஜாஹ்னவியும் வாசலுக்கே வந்து, "வாங்கோ வாங்கோ" என்று கூட்டிப்போனார்கள். ஹாலில் பளபளவென்று கோவிந்த்தின் மெஷின். அதற்கு மேலே சுவரில் பலகை. செல்லக்கிளி செருப்பைக் கழற்றின கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

முதல் வரியில் 6,84,210. எண் அவளுடையதுதான். பக்கத்தில் இருந்த பேர் சிவசங்கர்.

இரண்டாவது வரி, சிவசங்கர். நான்காவது வரி, சிவசங்கர். அந்த எண்களையும் அவளுக்குத் தெரியும். ஒன்று ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு மறுநாள், இன்னொன்று காய்ச்சலோடு ஆடியது. மேலிருந்து கீழே வரை தேடினாள். செல்லக்கிளி என்ற பேர் எங்கேயும் இல்லை.

"இது என்னோட ஸ்கோருங்க," என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

கோவிந்த் சிரித்தார். "உங்க ஆத்து ஸ்கோர்னா உங்களுக்கும் பெருமைதானே!"

"அதைச் சொல்லலை. ஆடினது நான்."

ஹாலில் இருந்தவர்கள் காபி டம்ளரோடு அப்படியே நின்றார்கள். கோவிந்த் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விளக்கினார். மெஷினில் நாலு பேர் ஆடலாம், நாலு எண் வரும். முதல் ஆட்டக்காரர் என்றால் மெஷினுக்குச் சொந்தக்காரர். இரண்டு, மூன்று, நாலு எல்லாம் வந்த விருந்தாளிகள். ஆரம்பத்திலிருந்தே அதுதான் குரூப்பின் வழக்கம். "சிவசங்கர் அனுப்பற போட்டோ எல்லாத்துலயும் முதல் ஆட்டக்காரர் இடத்துலதானே ஸ்கோர் இருக்கு? அதனால அவர் பேரைப் போட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லலையே."

தனியாக ஆடுகிறவளுக்கு மெஷின் வேறு எந்த இடத்தைக் கொடுக்கும்? ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் முதல் ஆட்டக்காரர்தான். மத்தியான நேரத்தில் ஒரு வீட்டில் ஒரு பொம்பளை தனியாக நின்று ஆடுவாள் என்பது மற்ற ஐந்து பேரில் ஒருத்தன் மூளைக்கும் எட்டவில்லை. அது போகட்டும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தன் இங்கே நிற்கிறானே! செல்லக்கிளி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

சிவசங்கர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் போட்டோ மட்டும்தான் போட்டேன் கிளி. பேரு அவங்களா போட்டுக்கிட்டாங்க."

ஜாஹ்னவிக்கு நிலைமை புரியவில்லையோ, சமாளிக்க நினைத்தாளோ, போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "உங்க ஆத்துக்காரர் எங்களுக்கெல்லாம் எவ்ளோ சொல்லிக் குடுத்திருக்கார் தெரியுமா? அதைக் கேட்டுதான் நானே கத்துண்டேன்," என்று ஒரு வாய்ஸ் மெசேஜைத் தட்டினாள்.

சிவசங்கரின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. 'குண்டு வேகமா வந்தா உடனே அடிக்கக் கூடாது ப்ரோ. கைய உசத்திப் பிடிச்சு, குண்டு அதுல வந்து உக்காந்தப்புறம், நிதானமா விட்டு அடிக்கணும். இது புரியறதுக்கு எனக்கே ரெண்டு மாசம் ஆச்சு.'

எனக்கே! செல்லக்கிளிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே அவனிடம் சொன்னாள், வார்த்தைக்கு வார்த்தை இப்படியே. அவன் போனைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றான். காதில் வாங்கவில்லை என்று நினைத்திருந்தாள். வாங்கித்தான் இருக்கிறான், அப்படியே கொண்டுபோய் விற்றும் இருக்கிறான். போனில் அந்த மெசேஜுக்குக் கீழே வரிசையாகப் பாராட்டு. ஒவ்வொன்றுக்கும் சிவசங்கரின் கும்பிடு.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ," என்றார் கோவிந்த். "திருத்தணும்னா ஏதாவது ஆதாரம் வேணுமோல்லியோ. நம்ம மெஷின்லயே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்."

ஆடியிருக்கக் கூடாது. இவ்வளவு கோபத்தோடு எவளாலும் ஆட முடியாது. ஆனால் மாட்டேன் என்றால் பொய் சொன்னதாகிவிடுமே என்று போய் நின்றாள். புது மெஷின், பட்டனைத் தொட்டாலே குண்டு பறந்தது. முதல் குண்டு போயிற்று. இரண்டாவது ஓரமாகச் சறுக்கும்போது ஆத்திரத்தில் மெஷினையே இடித்துவிட்டாள். இடித்தால் மெஷின் கோபித்துக்கொண்டு அந்தக் குண்டுக்குத் தானாக நின்றுவிடும், நின்றுவிட்டது. மூன்றாவது குண்டைக் கண்ணில் பார்த்ததுகூட அவளுக்கு ஞாபகமில்லை. ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். பாவம் என்று பார்த்தார்கள்.

"பதட்டம்தான், வேற ஒண்ணுமில்லை," என்றார் கோவிந்த். நல்ல மனுஷன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். "பெருமாள் அனுக்ரஹத்துல எல்லாருக்கும் திருப்தியா ஒண்ணு பண்ணிடலாம். லேடீஸுக்குன்னு தனியா ஒரு பலகை மாட்டிடறேன். அதுல முதல் பேரு உங்களோடது. சரியா?"

"நல்ல ஐடியா," என்றான் சிவசங்கர் அவசரமாக.

"அந்த ஆறு லட்சம் எந்தப் பலகையில இருக்கும்?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

கோவிந்த் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க. அது யாரு ஆடினது?"

சிவசங்கர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்ம வீட்டு ஸ்கோர்தானே கிளி. யாரு பேர்ல இருந்தா என்ன?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். ஜாஹ்னவி பின்னாலேயே வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றது மூன்று மாடிக்கும் கேட்டது. பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்துத் தனியாகவே காட்டூர் வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் உள்ளே ஒரே கேள்வி. ஏழு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இது என் பொண்டாட்டி ஆடினது என்று சொல்ல அந்த வாய்க்கு வரவில்லையே! சொன்னால் என்ன குறைந்துவிடும் அவனுக்கு? குறையும் என்றுதானே சொல்லவில்லை.

பைக்கில் வந்த சிவசங்கர் முன்னாலேயே வீட்டில் இருந்தான். வாங்கி வந்த பிரியாணிப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, "கோவமா? சரி, விடு. கோவிந்த்கிட்ட நான் தனியா பேசறேன்," என்றான்.

"தனியா வேண்டாம்," என்றாள். மெஷினைப் போட்டாள். ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்தினாள். நிறுத்தி, இன்னொரு தடவை அழுத்தினாள். பலகையில் இரண்டு சைபர்கள் எரிந்தன. "முதல் ஆட்டக்காரர் சொந்தக்காரர்தானே. வாங்க, உங்க குண்டு."

"இப்ப எதுக்கு…"

"வாங்க."

அந்தக் குரலை அவன் பதினொரு வருஷத்தில் கேட்டதில்லை. வந்து நின்றான். முதல் குண்டு நேராக நடுவே இறங்கிப் போயிற்று. பிறகு அவள் நின்றாள். கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் இது அவள் மெஷின், அவளுக்குத் தெரியாத மூலை அதில் கிடையாது. குண்டை உட்கார வைத்தாள், விட்டு அடித்தாள், மறுபடி உட்கார வைத்தாள். கால் மணி நேரம் கழித்துத்தான் அவனுடைய இரண்டாவது குண்டு வந்தது. அது அரை நிமிஷம் தாங்கவில்லை. நடுவில் அவன் உட்காரப் போனான். "நில்லுங்க," என்றாள். நின்றான்.

முடிந்தபோது முதல் ஆட்டக்காரருக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது. இரண்டாவது ஆட்டக்காரருக்கு நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். அவளுடைய பெரிய ஸ்கோர் அல்ல. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மேஜையில் கிடந்த அவன் போனை எடுத்து, பலகை முழுசாகத் தெரிய ஒரு போட்டோ எடுத்தாள்.

"கிளி, அனுப்பாதே. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கத்தான் அனுப்பறேன்."

அனுப்பினாள். ஒரு நிமிஷத்துக்குள் கோவிந்த்திடமிருந்து பதில் வந்தது. 'முதல் ஆட்டக்காரர் யாரு சிவசங்கர்? நீங்களா?'

"உங்களைத்தான் கேக்கறாரு," என்று போனை அவன் கையில் கொடுத்தாள்.

சிவசங்கர் போனை வாங்கினான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கேட்கிற மாதிரி நிற்கவில்லை. கடைசியில் ஒற்றை விரலால் தட்டினான்: 'ஆமா, நான்தான். ரெண்டாவது என் மனைவி.'

செல்லக்கிளி குனிந்து படித்தாள். "மனைவிக்குப் பேரு இல்லையா?" என்றாள்.

'என் மனைவி'யை அழித்துவிட்டு, 'செல்லக்கிளி' என்று போட்டு அனுப்பினான். பெருமூச்சு விட்டுப் போனைச் சட்டைப் பையில் வைக்கப் போனான்.

"எங்க வைக்கறீங்க? ஏழு மாசத்துல முப்பத்தோரு போட்டோ போட்டிருக்கீங்க. போட்டாச்சான்னு கேட்ட ஒவ்வொரு தடவையும் எண்ணி வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் கீழ யாரு ஆடினதுன்னு எழுதுங்க." அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அந்த வாய்ஸ் மெசேஜுக்கும்."

பிரியாணிப் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. சிவசங்கர் மெஷினில் சாய்ந்து நின்றபடி, முதல் போட்டோவைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போனான்.