பின்பக்கமா வா

போலீஸ் படமெடுத்துக்கொண்டு போன பிறகு சமையலறையைக் கழுவுகிற வேலை வீட்டுவேலைக்காரியின் தலையில்தான் விழுந்தது. வாளித் தண்ணீர் மாற்ற மாற்றச் சிவந்தது. தொட்டிக்குழாய் மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பழுதுபார்க்கத்தான் நேற்று மத்தியானம் குழாய்க்காரன் வந்தான். போன் போட்டு வரச் சொன்னவள் அவள்தான். இந்த வீட்டில் வேலைக்கு வருகிறவர்கள் முன்வாசல் மணியை அடிக்கக் கூடாது, பின்கதவு வழியாகச் சத்தமில்லாமல் வர வேண்டும், அய்யாவின் தூக்கம் கெடக் கூடாது. அய்யாவே போட்ட சட்டம். அதையும் அவனிடம் மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். அவனும் செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டுப் பூனைபோல உள்ளே வந்திருக்கிறான். ஸ்பானர் தரையில் விழுந்த சத்தத்தில் விழித்த அய்யா, அலமாரித் துப்பாக்கியோடு வந்து சுட்டுவிட்டார். அவன் உயிர் அங்கேயே போய்விட்டது. திருடன் என்று நினைத்தாராம். நினைத்தாராம்!

கூடத்தில் வக்கீலின் குரல் கேட்டது.

"கவலையே படாதீங்க சார். லைசென்ஸ் இருக்கு. உயிருக்குப் பயந்து சுட்டா சட்டம் நம்ம பக்கம். நல்லவன்னா முன்வாசல்ல மணி அடிச்சிருப்பான்ல? பின்கதவு வழியா, சத்தமில்லாம, கையில இரும்போட வந்திருக்கான். வேறென்ன வேணும்?"

ஈரத்துணியோடு அவள் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அய்யா, அந்தத் தம்பிய நான்தான் வரச் சொன்னேன். அம்மாகிட்ட கேட்டுட்டுத்தானே போன் பண்ணேன்? நீங்க சொன்னபடிதானே பின்பக்கமா வந்தான்?"

அய்யா நிமிரவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டு அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஞாபகமில்லையே" என்றாள்.

வக்கீல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் வரச் சொன்னியா? அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டமான்னு போலீஸ் கேக்கும். யோசிச்சுப் பேசும்மா."

அவள் ஈரத்துணியோடு சமையலறைக்குத் திரும்பினாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமலிருந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பிப்பார்கள். போனாள். பின்கதவோரம் அவனுடைய செருப்பு ஜோடியாக அப்படியே கிடந்தது. போலீஸ் கண்ணில் அது படவே இல்லை. கதவில் கைவைக்க அவளால் முடியவில்லை. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மணியை அடித்தாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"யாரு, நீயா? முன்பக்கம் எதுக்கு வந்த? அய்யா தூங்குறாரு. பின்பக்கமா வா, சத்தம் போடாம."