ஒன்றையொன்று எதிர்பார்த்த இரண்டு வரிகள்

மருத்துவர் ஒரு மாதம் என்று கெடு சொன்ன அந்த அம்மாள், கணவர் கணினியில் எழுதிய ஒரு வரியால் அதற்கப்புறம் ஒன்பது வருடம் சாக முடியாமல் படுத்துக் கிடந்தார்.

கணவரை அலுவலகத்தில் எல்லோரும் வரிசைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். நாற்பது பேர் துண்டு துண்டாக எழுதும் மென்பொருளை ஒன்றாகக் கட்டித் தர அங்கே ஒரு கருவி இருந்தது. எந்த வேலை முடிந்த பின் எந்த வேலை தொடங்க வேண்டும் என்று அந்தக் கருவிக்கு எழுதிக் கொடுப்பது அவருடைய பிழைப்பு. முந்தினது முடியாமல் பிந்தினது தொடங்காது. மனைவி படுக்கையில் விழுந்ததும் கையும் காலும் ஓடாமல் போகவே, பழக்கதோஷத்தில் வீட்டு வேலைகளையும் அதே கருவியில் ஒரு கோப்பாக எழுதினார். வெந்நீருக்குப் பின் உடம்பு துடைப்பது, அதற்குப் பின் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை, தரை துடைத்த பின் பால். இரண்டாம் வாரத்திலிருந்து வீடு அந்தக் கோப்புக்குக் கட்டுப்பட்டது. சாப்பாடு தவறிய நாளில் மாத்திரை உறையை விட்டு வெளியே வரவில்லை. தரை ஈரம் துடைத்து முடியும்வரை பால்காரரின் விரல் அழைப்பு மணிக்கு ஒரு அங்குலம் முன்னால் அப்படியே நின்றது. அவர் கால்மணி நேரம் தாமதமாக வரப் பழகிக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்குச் சிறு வயதில் வலிப்பு வந்ததை, கல்யாணப் பேச்சு முடிவான பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தவர் அம்மாதான். கல்யாணம் நின்றது. "உன் பொணத்தைப் பாக்கத்தான் இனி இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு மகள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். வரிசைக்காரர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர். மகள் வருகை, அம்மாவின் மரணம் முடிந்த பின் என்று அதையும் எழுதி வைத்திருந்தார். மருத்துவர் கெடு சொன்ன அன்று மத்தியானம் அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: அம்மாவின் மரணம், மகள் வருகை முடிந்த பின். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்க்கின்றன, எதுவும் நடக்காது என்று கருவி சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. அந்தச் சிவப்பைக் கண்டும் காணாமல் விட்டவர்களை அவர் எத்தனையோ முறை காய்ச்சி எடுத்திருக்கிறார். அன்று திரையை மூடிவிட்டு உலை வைக்கப் போனார்.

எதுவும் நடக்கவில்லை. நோய்க்கு யாரும் வரி எழுதாததால் அது மட்டும் தன் போக்கில் நடந்தது. முதல் வருடம் கால்கள் போயின, மூன்றாம் வருடம் ஒரு கண், ஐந்தாம் வருடத்திலிருந்து வலி எந்த ஊசிக்கும் அடங்கவில்லை. மருத்துவர் நாடியைத் தேடிக் களைத்து ஓய்வு பெற்றுப் போனார். இதற்கிடையில் நாலாம் வருடம் மகளுக்குக் கோபம் ஆறிவிட்டது. பேருந்து ஏறினாள். ஆறு மணி நேரம் கழித்து, ஏறிய நிலையத்திலேயே இறங்கினாள். பதினேழு தடவை அப்படி ஆயிற்று. போனில் அழுதபோதெல்லாம், "ரோடு சரியில்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. முதல் வரியை அழித்தால் மகள் வந்துவிடுவாள். அவள் வந்தால் இவள் போய்விடுவாள். அவருக்குக் கை வரவில்லை.

ஒன்பதாம் வருடம், அவர் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. அசைகிற ஒரே கையால் அந்த அம்மாள் அதை எடுத்தார். அவர் இறங்கி வந்ததும் கேட்டார்.

"ஏங்க, அவ அஞ்சு வருஷமா கிளம்பிக் கிளம்பிப் பாக்கறாளாமே?"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"எங்க ரெண்டு பேரையும் கட்டிப் போட்டிருக்கீங்க."

"நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அது உங்க பாடு. மொத வரியை அழிங்க."

அழித்தார். மறுநாள் பகல் ஒரு மணிக்குப் பேருந்து மகளைச் சரியான இடத்தில் இறக்கிவிட்டது. தெருமுனையிலேயே அப்பா அவளிடம் விஷயத்தைச் சொன்னார். எந்த வேலைக்கும் எது முடிவு என்று கோப்பில் குறித்தாக வேண்டும். மகள் பையைக் கீழே வைத்தால் வருகை முடிந்தது என்று அவர் குறித்திருந்தார். அவள் பையோடு உள்ளே வந்து, பையோடு கட்டிலருகே நின்றாள்.

"கடுதாசி போட்டது தப்புதான்" என்றார் அம்மா. "பின்னால தெரிஞ்சு உன்னைத் துரத்திடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்."

மன்னித்தேன் என்று மகள் சொல்லவில்லை. தோள் மாற்றித் தோள் பையைச் சுமந்தபடி அம்மாவுக்கு முகம் துடைத்தாள், தலை வாரினாள், புது வேலையைப் பற்றி, குடியிருக்கும் அறையைப் பற்றி, கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னாள். இரண்டரை மணி நேரம் போயிற்று. அம்மாவுக்கு வலியில் உதடு வெளுத்துவிட்டது.

"எவ்ளோ நேரம் நிப்பே. பையை இறக்கி வைம்மா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து, சத்தம் வராமல், பையைத் தரையில் வைத்தாள்.

இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் காரணம் கேட்டார். மகள் வந்து சேர்ந்தாள் என்றார் வரிசைக்காரர். எழுத்தர் அதை அப்படியே எழுதி, மை காய ஊதி, முத்திரை குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.