கட்டைவிரலிலிருந்து வந்த லைன்

புது மின் அடுப்புக்காக இழுத்துவிட்ட வயரின் நுனியை வீட்டுக்காரம்மா தொடப்போன நொடியில், எலக்ட்ரீஷியன் மரக்கட்டையால் அவர் கையைத் தட்டிவிட்டார். வயரில் வைத்திருந்த டெஸ்டர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மெயின் ஃப்யூஸோ அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

வேலை முடியும்வரை ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது அவரது முப்பது வருடப் பழக்கம். பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. கூடத்தில் ஃபேன் நிற்காமல் சுற்றுவதையும் அப்போதுதான் கவனித்தார்.

"பக்கத்து வீட்ல இருந்து லைன் ஏதாவது இழுத்திருக்கீங்களா?"

"சேச்சே, நாங்க யார் வம்புக்கும் போறதில்லண்ணே."

தெருவுக்கு ஓடினார். கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்கு வரும் வயர் பாதியிலேயே அறுந்து தொங்கியது. நுனியில் காக்கை கூடு கட்டி, அந்தக் கூடும் பழசாகியிருந்தது. ஏழு வருடத்துக்கு முன் புயலில் அறுந்தது என்று எதிர்க்கடைக்காரர் சோப்பு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

வேறு ஆளாக இருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். இவரோ சுவரைத் தட்டித் தட்டி வயரின் பின்னாலேயே போனார். சமையலறையில் நல்ல கேஸ் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பிறகு கூடம். பிறகு உள்ளறைக் கதவு. வீட்டுக்காரம்மா குறுக்கே வந்து நின்றார்.

"அங்க வேணாம்ணே. வெளிய தெரிஞ்சா இவரத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

கதவு தானாகவே திறந்துகொண்டது. கணவர் மர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயர் அவருடைய இடதுகால் கட்டைவிரலில் சுற்றி முடிந்திருந்தது.

"வாங்க," என்றார் கணவர். "கை குடுக்க முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்க."

புயலன்று அறுந்த வயரைப் பிடித்தவர் சாகவில்லை. கரண்ட்டும் அவரை விட்டு இறங்கவில்லை. முதல் வருடம் ஒரு பல்பு எரிந்தது. அடுத்த வருடம் ஃபேன், ஃப்ரிட்ஜ். இப்போது மாதம் நாலு பல்பு வெடிக்கிறது.

எலக்ட்ரீஷியன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, கட்டைவிரல் வயரைக் கழற்றச் சொன்னார். ஃபேன் நின்றது. அதன்பின் வேலை வேலையாக நடந்தது: அடுப்புக்கென்று தனி லைன், தடித்த கேபிள், தனி பிரேக்கர், கொல்லையில் ஆழமாக இறக்கிய எர்த் கம்பி. கவிழாதபடி அடுப்பைச் சுவரோடு முடுக்கினார். இரண்டு தடவை சோதித்த பிறகே வயரைத் திரும்பச் சுற்றச் சொன்னார்.

அம்மா அடுப்பின் நாலு தட்டையும் முழுச் சூட்டில் வைத்தார். ஒன்றின் மேல்கூடப் பாத்திரம் இல்லை.

"என்னம்மா, காத்தையா வேகவைக்கிறீங்க?"

அம்மா அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போய், "இப்ப இவர் மேல டெஸ்டர வச்சுப் பாருங்கண்ணே," என்றார். எலக்ட்ரீஷியன் கணவரின் முழங்கையில் டெஸ்டரை வைத்தார். மினுக்கியது. மங்கியது. அணைந்தது.

அம்மா ஈரக்கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

"சமைக்க கேஸ் இருக்குண்ணே," என்றார். "இவரத் தொட்டு ஏழு வருஷமாச்சு. அதுக்குத்தான் இத வாங்கினோம்."